காபியும் வேண்டும், வயிறும் எரியக் கூடாது

வாசகர் கேள்வி – பதில்

கடலூர், புதுச்சேரி வாசகர்களிடமிருந்து காபியும் வயிறும் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, இந்த இதழில் பதில் தருகிறோம்.

வயது 52. காலை ஐந்தரைக்கு எழுந்ததும் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி. அரை மணி நேரத்தில் நெஞ்சு கரிக்கிறது, புளித்த ஏப்பம் வருகிறது. ‘ஆசிட் குறைந்த காபித்தூள்’ என்று ஒன்று விற்கிறார்களே, அதற்கு மாறினால் சரியாகுமா?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

தூளை மாற்றுவதற்கு முன் குடிக்கும் நேரத்தை மாற்றிப் பாருங்கள். அதற்குக் காசு செலவில்லை.

காபியின் புளிப்பு நாம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. பால் சேர்க்காத காபியின் பி.ஹெச். அளவு சுமார் 5. ஆரஞ்சுச் சாறு 3.5 பக்கம், எலுமிச்சைச் சாறு 2 முதல் 2.5. வயிறு தானே சுரக்கும் அமிலம் 1.5 முதல் 3.5 வரை. எண் குறையக் குறைய அமிலம் அதிகம் என்று கணக்கு. பால் ஊற்றினால் காபியின் புளிப்பு இன்னும் மட்டுப்படும். ஆகவே டம்ளரில் இருக்கும் அமிலத்தைக் குற்றம் சொல்ல முடியாது. காபி உள்ளே போய்ச் செய்கிற வேலைதான் உங்களுக்குத் தொந்தரவு. காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைத் தூண்டி இரைப்பையை அமிலம் சுரக்க வைக்கிறது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் இருக்கும் சுருக்குத் தசையையும் சிலருக்குத் தளர்த்திவிடுகிறது. அமிலம் மேலே ஏறுவது அந்த வழியாகத்தான். காஃபீன் நீக்கிய காபிகூட அமிலத்தை ஓரளவு தூண்டும் என்பதால் காஃபீனை மட்டும் குறை சொல்லவும் வழியில்லை. பாக்கெட்டின் மேல் ‘ஆசிட் குறைவு’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் டம்ளருக்குள் இருக்கும் கதையைத்தான் சொல்கிறது, வயிற்றுக்குள் நடப்பதை அல்ல.

ஒரு வாரம் இப்படிச் செய்யுங்கள். எழுந்ததும் வெந்நீர் ஒரு டம்ளர். காபியை முக்கால் மணி நேரம் தள்ளிப் போட்டு, இரண்டு இட்லியோ ஒரு துண்டு ரொட்டியோ சாப்பிட்ட பிறகு குடியுங்கள். மாவு நன்றாகப் புளித்த மூன்றாம் நாள் இட்லி சிலருக்குத் தானே ஏப்பத்தைக் கொண்டுவரும்; சோதனை வாரத்தில் அது வேண்டாம். தூள், பால், சர்க்கரை எதையும் மாற்றாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணம் தந்தது என்று கடைசிவரை தெரியாது. நேரத்தை மாற்றியும் எரிச்சல் நிற்கவில்லை என்றால் அடுத்த வாரம் டிகாஷன் அளவைப் பாதியாக்குங்கள். கொட்டையையும் வறுவலையும் மாற்றுவது அதற்கும் பிறகு.

ஆவி பறக்கக் குடிப்பவர் என்றால் அதையும் விடுங்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016ல் வகைப்படுத்தியது. டபராவில் நாலு ஆற்று ஆற்றுவதை நம் வீடுகளில் சும்மா வைக்கவில்லை.

காபிக்கடையில் போய் நின்றால் பிளான்டேஷன், பீபெரி, ரோபஸ்டா என்று அடுக்குகிறார்கள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ள எதைக் கேட்டு வாங்குவது? சிக்கரி நல்லதா கெட்டதா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

முதலில் கடைக்காரர் சொல்லும் பெயர்கள். பிளான்டேஷன் என்றால் பழத்தின் தோலை நீக்கி, கழுவி, உலர்த்திய அராபிகா (காபிச் செடியில் ஓர் இனம்; ரோபஸ்டா இன்னோர் இனம்). அதோடு வரும் ‘ஏ’, ‘பி’ எல்லாம் கொட்டையின் அளவு. செர்ரி என்றால் பழத்தோடு காயவைத்தது. பீபெரி என்பது ஒரு பழத்துக்குள் இரண்டு தட்டைக் கொட்டைக்குப் பதில் உருண்டையாக ஒன்றே விளைந்தது. ருசிக்காக அதைத் தேடி வாங்குபவர்கள் உண்டு. வயிற்றுக்கு அதனால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியது அராபிகாவா ரோபஸ்டாவா என்பதை. அராபிகாவில் காஃபீன் எடையில் 1.2 முதல் 1.5 சதவீதம், ரோபஸ்டாவில் 2.2 முதல் 2.7. ஏறக்குறைய இரட்டிப்பு. கொட்டையில் இயல்பாகவே இருக்கும் குளோரோஜெனிக் அமிலமும் ரோபஸ்டாவில்தான் கூடுதல். இந்தியாவில் விளைவதில் சுமார் 70 சதவீதம் ரோபஸ்டா. விலை குறைவு, டிகாஷன் கெட்டியாக இறங்கும் என்பதால் ‘ஸ்பெஷல் பிளெண்ட்’ என்று விற்பதில் பாதிக்கு மேல் அது இருக்கலாம். கேட்டால் சொல்வார்கள், கேட்க வேண்டும்.

அடுத்தது வறுவல். கொட்டை கருக்கக் கருக்க குளோரோஜெனிக் அமிலம் சிதையும். பச்சைக் கொட்டையில் இருக்கும் டிரைகோனெலின் என்ற பொருளிலிருந்து என்.எம்.பி. என்ற சேர்மம் உண்டாகும். இந்தச் சேர்மம் அதிகமுள்ள கறுப்பு வறுவல் காபி, நடுத்தர வறுவலைவிடக் குறைவாகவே வயிற்று அமிலத்தைத் தூண்டியதாக 2014ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சோதிக்கப்பட்டவர்கள் ஒன்பதே பேர், அதுவும் நல்ல ஆரோக்கியமானவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் முயன்று பார்க்கத் தகுந்தது. வறுவல் கூடினால் காஃபீன் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். எடைக்கு எடை கிட்டத்தட்ட அதேதான்.

கடையில் இப்படிக் கேளுங்கள்: ‘பிளான்டேஷன் மட்டும், ரோபஸ்டா வேண்டாம், வறுவல் கொஞ்சம் தூக்கலாக, சிக்கரி 20, ஃபில்டர் அரைவை.’ நல்ல கறுப்பு வறுவல் சாக்லேட் நிறத்தில் இருக்கும். கரித்துண்டு மாதிரிப் பளபளத்து எண்ணெய் சொட்டினால் எல்லை தாண்டிவிட்டது. அந்த எண்ணெய் நம் கடற்கரை வெக்கையில் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். 100 அல்லது 200 கிராமுக்கு மேல் ஒரு தடவையில் வாங்க வேண்டாம். மான்சூன்ட் மலபார் கிடைத்தால் அதையும் ஒருமுறை பார்க்கலாம். மழைக்காலத்தில் மேற்குக் கடற்கரையின் ஈரக்காற்றுப் படும்படி வாரக்கணக்கில் பரப்பி வைப்பதால் கொட்டை ஊதி வெளுத்து, புளிப்பு வெகுவாக அடங்கிவிடும். மண்வாசம் மாதிரி ஒரு வாடை இருக்கும், எல்லோருக்கும் பிடிக்காது.

சிக்கரி ஒரு கிழங்கு வேர். அதில் காஃபீன் கிடையாது. 100 கிராம் தூளில் 30 கிராம் சிக்கரி என்றால் அந்த அளவுக்குக் காபி குறைகிறது. நெஞ்செரிச்சல்காரருக்கு அது ஒரு வகையில் அனுகூலம். சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தை லேபிளில் போட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. சிக்கரியில் இருக்கும் இனுலின் என்ற நார்ச்சத்து குடலில் புளித்து வாயுவைக் கிளப்பும். எரிச்சல் உங்கள் பிரச்சினை என்றால் சிக்கரி இருக்கட்டும். உப்புசம் பிரச்சினை என்றால் அதை முதலில் எடுங்கள்.

டிகாஷன் போடும் முறையிலேயே வயிற்றைக் காப்பாற்ற வழி உண்டா? எங்கள் வீட்டில் ராத்திரி போட்டு வைத்தால் காலையில்தான் இறங்கி முடிக்கிறது.
– வாசகி, நெல்லிக்குப்பம்

ராத்திரி முழுக்கச் சொட்டுகிறது என்றால் உங்கள் ஃபில்டருக்குத்தான் முதலில் வைத்தியம். மேல் பாத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அடியைப் பாருங்கள். எல்லாத் துளையும் புள்ளி புள்ளியாகத் தெரிய வேண்டும். நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பும் கடினமும் அதிகம். கொதித்த நீரின் சுண்ணாம்பு துளை ஓரத்தில் படியும், அதன்மேல் காபி எண்ணெய் ஒட்டும், பாதித் துளை மூடிவிடும். எவர்சில்வர் ஃபில்டர் என்றால் ஒரு டம்ளர் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் வினிகர் கலந்து, துளைப் பகுதி மூழ்கும்படி அரை மணி ஊறவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். அப்படியும் அடைப்புப் போகாவிட்டால் துளைப்பக்கத்தை அடுப்புத் தீயில் ஒரு நிமிடம் காட்டி, ஆறியதும் தட்டினால் கருகிய தூள் உதிரும். குண்டூசியால் குத்தித் துளையைப் பெரிதாக்காதீர்கள். அப்புறம் வண்டல் இறங்கும்.

இப்போது அளவு. நாலு பேருக்குத் தூள் 20 கிராம். குவித்த இரண்டு மேசைக்கரண்டி இருக்கும். மேல் பாத்திரத்தில் போட்டுத் தட்டிச் சமமாக்குங்கள். அழுத்தும் குடையை மேலே வைத்தால் போதும், கட்டைவிரலால் அமுக்க வேண்டாம். நீர் 160 மி.லி. தளதளவெனக் கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் பொறுங்கள். முதலில் 30 மி.லி. மட்டும் சுற்றி ஊற்றி, தூள் உப்பி அடங்கும்வரை அரை நிமிடம் விடுங்கள். பிறகு மீதியை மெதுவாக ஊற்றி மூடிவிடுங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் 110 மி.லி. சுமாருக்கு டிகாஷன் இறங்கும். மீதியைத் தூள் குடித்துக்கொள்ளும்.

ஐந்தே நிமிடத்தில் இறங்கிவிட்டால் அரைவை பருமன், அல்லது தூள் போதவில்லை. டிகாஷன் மெலிந்து புளிக்கும். முக்கால் மணி நேரம் ஆனால் அரைவை மிக நைஸ், அல்லது அமுக்கியது அதிகம், அல்லது சிக்கரி கூடிப்போய்த் துளையில் பசைபோல் பிடிக்கிறது. அப்போது கசப்பும் துவர்ப்பும் ஏறும். அதை மறைக்க இன்னொரு ஸ்பூன் சர்க்கரை.

ஆளுக்கு 25 முதல் 30 மி.லி. டிகாஷன், 110 மி.லி. பால். அராபிகா 80, சிக்கரி 20 என்ற தூளில் இது ஒரு டம்ளருக்குச் சுமார் 40 மில்லிகிராம் காஃபீன். அதே அளவு ரோபஸ்டாவில் 75 வரை போகும். ‘கள்ளிச்சொட்டு மாதிரி டிகாஷன்’ என்று 50 மி.லி. ஊற்றிக் குடிப்பவர் இதை இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். வயிற்றுக்காக ஒரே ஒரு மாற்றம்தான் முடியும் என்றால், இந்த 50ஐ 25 ஆக்குங்கள். எந்த விலையுயர்ந்த தூளும் இதற்கு ஈடாகாது.

போட்ட டிகாஷனை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். அடுப்பு ஓரத்திலோ ஃபிளாஸ்கிலோ சூட்டோடு கிடந்தால் அதிலுள்ள சேர்மங்கள் நீரோடு வினைபுரிந்து குயினிக் அமிலமாக மாறும். புளிப்பு உண்மையாகவே கூடும். அதைத் திரும்பச் சுடவைத்துப் பாலில் கலந்தால், பாலும் காலையில் காய்ச்சி வெளியில் வைத்ததாக இருந்தால், திரிந்துபோகும். சாயங்காலத்துக்கு வேண்டுமென்றால் ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், குளிர்ந்த டிகாஷனிலேயே கொதிக்கும் பாலை ஊற்றுங்கள். இரண்டாம் டிகாஷன் வயிற்றைக் கெடுக்கும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. அதில் காஃபீன் சொற்பம், கசப்புத்தான் மிச்சம்.

வீட்டில் ஆர்.ஓ. இருந்தால் டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எவ்வளவு என்று பாருங்கள். 50க்குக் கீழே இறக்கி வைத்திருந்தால் காபியின் புளிப்பு தூக்கலாகத் தெரியும். நீரில் இருக்கும் பைகார்பனேட்தான் அமிலத்தைச் சற்று அடக்குவது. மெக்கானிக்கிடம் சொல்லி 100 – 150க்கு வைக்கச் சொல்லலாம்.

பாட்டி காலத்துப் பித்தளை ஃபில்டர் பரணில் கிடைத்தது. அதில் போட்டால் மணம் தூக்குகிறது, ஆனால் குடித்ததும் குமட்டுகிறது.
– வாசகி, கடலூர் முதுநகர்

உடனே நிறுத்துங்கள். உள்பக்கம் வெள்ளையாக ஈயப்பூச்சு இருக்கிறதா, மஞ்சள் தெரிகிறதா? மஞ்சள் தெரிந்தால் பூச்சு தேய்ந்துவிட்டது. சூடான, புளிப்புள்ள டிகாஷன் பித்தளையிலிருக்கும் செம்பைக் கரைக்கும். நாக்கில் உலோக ருசி, குமட்டல், சில நேரம் வாந்தி. இது காபியின் குற்றம் இல்லை.

ஈயம் பூசுபவர் இன்னும் கிடைத்தால் சுத்த வெள்ளீயம் பூசச் சொல்லுங்கள். காரீயம் கலந்த பற்றுவைப்பு ஈயம் உதவாது, அது நஞ்சு. துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளவும் சொல்ல வேண்டும். பூசிய பிறகு புளி, சாம்பல் போட்டு உள்ளே தேய்க்காதீர்கள். வெளிப்பக்கம் எப்படி வேண்டுமானாலும் மினுக்கலாம்.

எனக்கு எரிச்சல் இல்லை. காபி குடித்த கொஞ்ச நேரத்தில் வயிறு கடமுடவென்கிறது, கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. பால்தான் காரணம் என்கிறார் நண்பர்.
– வாசகர், அரியாங்குப்பம்

ஐந்து பத்து நிமிடத்தில் ஓடவேண்டியிருந்தால் பாலுக்கு அதில் பங்கு குறைவு. காபி பெருங்குடலின் அசைவைச் சில நிமிடங்களிலேயே தூண்டக்கூடியது. மலச்சிக்கல்காரர்கள் இதை வரமென்று வாங்கிக்கொள்கிறார்கள்.

ஒரு மணி, இரண்டு மணி கழித்து உப்புசமும் பேதியும் என்றால் பாலைச் சந்தேகிக்கலாம். 110 மி.லி. பாலில் லாக்டோஸ் 5 கிராம்தான். பால் சர்க்கரை செரிக்காதவர்களிலும் பலர் ஒரே வேளையில் 12 கிராம் வரை தாங்குவார்கள். ஆகவே ஒரு டம்ளர் காபியில் வயிறு கலங்குவது அரிது. நாளைக்கு நாலு டம்ளர், கூடவே மோர், பாயசம் என்று போனால் நடக்கும். மூன்று நாள் காபி இல்லாமல் வெறும் பால் அதே அளவு, அடுத்த மூன்று நாள் பால் இல்லாமல் சிக்கரி சேர்க்காத காபி என்று பிரித்துப் பாருங்கள். பால் என்று தெரிந்தால் லாக்டோஸ் நீக்கிய பால் கடைகளில் இருக்கிறது. கொழுப்பும் ஒரு விஷயம்: ஃபுல் கிரீம் பாலில் 6 சதவீதம், டோன்டு பாலில் 3. கொழுப்பு கூடினால் இரைப்பை காலியாக நேரமாகும்; மேலே ஏறும் புளிப்புக்காரர்கள் டோன்டு பாலுக்கு இறங்கிவிடுவது நல்லது, காபி கொஞ்சம் சப்பென்று ஆனாலும்.

கஃபேக்களில் கோல்டு புரூ என்று கொடுக்கிறார்களே, வயிற்றுக்கு மெத்தென்று இருக்குமாமே? வீட்டில் செய்யலாமா?
– வாசகி, லாஸ்பேட்டை

செய்யலாம், சுலபம். ஆனால் ‘அமிலமே இல்லை’ என்பது மிகை. 2018ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் குளிர்நீரில் ஊறியதும் வெந்நீரில் போட்டதும் 4.85க்கும் 5.13க்கும் இடையிலேயே பி.ஹெச். காட்டின. மொத்தமாகக் கரைந்த அமிலங்களின் அளவு மட்டும் வெந்நீர்க் காபியில் கூடுதலாக இருந்தது. சிலருக்கு அந்த வித்தியாசம் போதுமானதாக இருக்கிறது.

சிக்கரி கலக்காத தூள் 60 கிராம், பருமனான ரவை பதத்தில் அரைத்தது. சுத்தமான கண்ணாடி பாட்டிலில் போட்டு 480 மி.லி. காய்ச்சி ஆறிய நீர் ஊற்றி, கலக்கி, மூடி, ஃபிரிட்ஜில் 14 முதல் 16 மணி நேரம். புதுச்சேரி வெயிலில் இதை மேடைமேல் வைக்கவே கூடாது, கெட்டுவிடும். முதலில் டீ வடிகட்டியில், பிறகு கெட்டித் துணியில் பிழியாமல் வடியுங்கள். பிழிந்தால் நைஸ் தூளும் கசப்பும் வரும். 350 மி.லி. கிடைக்கும், ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும். ஒரு தடவைக்கு 40 மி.லி. எடுத்து இரண்டு பங்கு பாலோ நீரோ சேர்க்கவும். அதிலேயே சுமார் 60 மில்லிகிராம் காஃபீன் இருக்கிறது. உயரமான கிளாஸில் ஐஸோடு மடமடவென்று குடிப்பதில்தான் அளவு தவறிப்போகிறது.

காபியில் ஒரு சிட்டிகை உப்பு அல்லது சமையல் சோடா போட்டால் எரிச்சல் வராதாமே?
– வாசகர், பண்ருட்டி

உப்பு கசப்பை மறைக்கும், அமிலத்தைத் தொடாது. சோடா தொடும், ஆனால் சோப்பு ருசி வரும், கால் டீஸ்பூனில் 300 மில்லிகிராம் சோடியமும் சேரும். இரத்த அழுத்தக்காரர் வீட்டில் தினப்படிப் பழக்கமாக்க வேண்டாம்.

தைராய்டு மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, முட்டிவலிக்கு ஒரு மாத்திரை எடுக்கிறேன். காபியை எங்கே நுழைப்பது?
– வாசகி, வில்லியனூர்

தைராய்டு மாத்திரையை எழுந்ததும் வெறும் தண்ணீரில் விழுங்கி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி; இல்லாவிட்டால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. இரும்பு மாத்திரைக்கும் காபிக்கும் இரண்டு மணி நேரம் விலக்கு வையுங்கள். தைராய்டு மாத்திரையோடு இரும்பைச் சேர்த்துப் போடக் கூடாது, நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை முட்டிவலி மாத்திரைகள் வயிற்றின் உள்சவ்வைப் புண்ணாக்கும். அவற்றைச் சாப்பாட்டுக்குப் பின் மட்டுமே எடுங்கள். வெறும் வயிற்றில் காபியோடு போட்டுவிட்டுக் காபியைத் திட்டுபவர்கள் அதிகம். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் அது முடியும்வரை காபியைப் பாதியாக்குங்கள், காஃபீன் உடலைவிட்டு வெளியேறுவதை அது தாமதமாக்கும்.

வேறு சிலரும் எழுதியிருந்ததால் இதையும் இங்கேயே: மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனாலும் (இரும்பு மாத்திரையாலும் கறுக்கும், மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்), வாந்தியில் இரத்தம் வந்தாலும், விழுங்கும்போது அடைத்தாலும், காரணமில்லாமல் எடை இறங்கினாலும் தூளை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போய்க் காட்டுங்கள். நெஞ்செரிச்சலோடு வியர்வையும் இடது தோள் வலியும் சேர்ந்தால் அது இருதயமாக இருக்கலாம், அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்.

மருத்துவர் காபியை விடச் சொல்லிவிட்டார். விட்ட மறுநாளே மண்டை பிளக்கிறது.
– வாசகர், மஞ்சக்குப்பம்

கடைசிக் காபிக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். ஆபத்தில்லை, ஆனால் அவ்வளவு வேதனைப்பட்டு ஒரேயடியாக விடத் தேவையில்லை. மருத்துவர் அவசரமாக நிறுத்தச் சொல்லியிருந்தால் தவிர. டம்ளர் எண்ணிக்கையைக் குறைக்காமல் டிகாஷனைக் குறையுங்கள்: ஆளுக்கு 30 மி.லி. என்றிருந்ததை நாலைந்து நாளுக்கு ஒருமுறை 22, 15, 8 என்று இறக்குங்கள். முதலில் நிற்க வேண்டியது சாயங்காலக் காபி. உள்ளே போன காஃபீன் பாதியாகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். தலைவலி தாங்கவில்லை என்றால் வெறும் பாராசிட்டமால் மட்டும் போடுங்கள். தலைவலிக்கென்று விற்கும் சில மாத்திரைகளில் காஃபீன் கலந்திருக்கும், அட்டையின் பின்பக்கம் படித்துப் பார்த்து வாங்குங்கள்.